அரை இஞ்ச் எல்போ

“அண்ணே, அரை இஞ்ச் எல்போ நாலு குடுங்க.”

“ரெண்டு பக்கமும் பிளேனா, ஒரு பக்கம் திரெட்டா?”

“ரெண்டு பிளேனு, ரெண்டு பீட்டி.”

“பீட்டி எங்க போடப் போற? டேப்புக்கா? அப்போ பித்தளை வச்சத எடுத்துக்க தம்பி. ரெண்டு வெள்ளி கூட ஆனாலும் பரவால்ல.”

மலேசியாவின் கிள்ளானில் எந்த ஹார்ட்வேர் கடைக்குப் போனாலும் காலை எட்டு மணிக்கு மேல் இப்படி ஒரு பேச்சு காதில் விழும். கடைக்காரர் சீனராக இருந்தால் ‘அண்ணே’ என்ற இடத்தில் ‘தவுக்கே’ வரும், பாதி மலாய் கலக்கும். கேள்விகள் மட்டும் மாறாது. ஒரு பொறியாளர் அரைப் பக்கத்தில் எழுதித்தர வேண்டிய விவரம் முழுவதும் இந்த நான்கு வரிகளில் முடிந்துவிடுகிறது. இதில் யாரும் கோணத்தைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்போ என்றாலே 90 பாகை. 45 பாகை வேண்டுமென்றால்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். பள்ளிப் பாடநூலில் செங்கோணம், மலாய்க்காரப் பிளம்பரிடம் ‘சிகு’, நம்மவர்களிடம் எல்போ. ‘முழங்கை’ என்று தமிழில் கேட்டால் கடைக்காரர் நம் கையைத்தான் பார்ப்பார்.

ஊர் மாறினால் பெயர்களும் கொஞ்சம் நகரும். இரண்டு குழாய்களை நேராக இணைக்கும் துண்டைத் தமிழ்நாட்டில் கப்ளிங் என்பார்கள். கோலாலம்பூரில் அது சாக்கெட். யாழ்ப்பாணத்தில் பி.வி.சி. பைப்பையே ‘எஸ்லோன் பைப்’ என்று ஒரு வணிகப் பெயரால் அழைத்துப் பழகிவிட்டார்கள். எல்போ மட்டும் எல்லா ஊரிலும் எல்போதான். ‘பீட்டி’ என்பது ‘பிளேன் அண்ட் திரெடட்’ என்பதன் சுருக்கம்: ஒரு வாயில் பசை போட்டுக் குழாயைச் செருகலாம், மறு வாயில் மரை இருக்கும்.

பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்க்கான இரும்பு இணைப்புகளில் இன்னொரு வேடிக்கை. சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரில் கியோர்க் ஃபிஷர் நிறுவனம் 1864இல் தட்டினாலும் உடையாத வார்ப்பிரும்பில் இவற்றைச் செய்யத் தொடங்கியது. அதன் பட்டியலில் சாதாரண எல்போவின் எண் 90. அதைப் பார்த்தவுடன் பாகை என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு பக்கம் ஆண் மரையும் மறு பக்கம் பெண் மரையும் உள்ள எல்போவின் எண் 92, 45 பாகை எல்போவின் எண் 120. பாகையும் எண்ணும் ஒத்துப்போனது ஓர் இடத்தில் மட்டும்தான்.

இனி அந்த ‘அரை இஞ்ச்’. மலேசியா 1972இல் மெட்ரிக் முறைக்குச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. காய்கறி கிலோவுக்குப் போனது, துணி மீட்டருக்குப் போனது, பைப்பு மட்டும் இஞ்சிலேயே நின்றுவிட்டது. சீனக் கடைகளில் ஓர் அங்குலத்தை எட்டு ‘ஹுன்’ ஆகப் பிரிப்பார்கள். அரை இஞ்ச் என்பது நாலு ஹுன், முக்கால் இஞ்ச் ஆறு ஹுன். தமிழருக்கு அந்தச் சிரமமும் இல்லை. கால், அரை, முக்கால், ஒன்றேகால், ஒன்றரை என்ற நம் பின்னப் பெயர்கள் குழாய் அளவுகளுக்கென்றே செய்ததுபோல் பொருந்துகின்றன. அங்குலத்தில் எட்டில் ஒன்று வந்தாலும் அதற்கு அரைக்கால் என்று ஒரு சொல் தயாராக இருக்கிறது.

ஆனால் ஓர் அரை இஞ்ச் ஜி.ஐ. குழாயை அளந்து பாருங்கள். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். குழாயின் வெளி விட்டமோ 21 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உள் விட்டம் ஏறத்தாழ 16. அரை இஞ்ச் எங்கேயும் இல்லை! ஒரு காலத்தில் இருந்தது. அந்தக் கால இரும்புக் குழாயின் சுவர் தடிமனாக இருந்ததால் உள்ளே ஓட்டை மட்டும் அரை அங்குலம் இருந்தது. பின்னர் இரும்பின் தரம் உயர்ந்தது, சுவர் மெலிந்தது. வெளி விட்டத்தைக் குறைத்தால் பழைய மரைகளோடு பொருந்தாது. அதனால் வெளிப்புறத்தை அப்படியே வைத்துக்கொண்டு உட்புறத்தைப் பெருக்கினார்கள். அளவு போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

மரையின் கதையும் இதே போலத்தான். இங்கிலாந்தின் ஜோசப் விட்வர்த் 1841இல் திருகாணி மரைகளுக்கு ஒரே அளவு வேண்டும் என்று முன்மொழிந்தார். மரையின் பற்களுக்கு இடையே 55 பாகை. பிரிட்டிஷ் குழாய் மரை அதிலிருந்து வந்தது. அவர்கள் ஆண்ட இடமெல்லாம், மலாயா, இந்தியா, இலங்கை உட்பட, அதுவே நிலைத்தது. அமெரிக்கர்கள் 60 பாகை வைத்துக்கொண்டார்கள். இதில் சிக்கல் எங்கே வருகிறது என்றால், அரை இஞ்ச் அளவில் இரண்டுக்குமே ஓர் அங்குலத்துக்கு 14 மரை. இணையத்தில் ஆசைப்பட்டு வாங்கிய அமெரிக்க ஷவர் தலையைக் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டு எல்போவில் திருகினால் முதல் சில சுற்றுகள் வெண்ணெய் போல் ஏறும். ஏறியதும் பொருந்திவிட்டது என்றுதான் தோன்றும். பற்களின் கோணம் வேறு என்பதால் இடையே ஒரு நூலிழை இடைவெளி சுருள் பாதையாக ஓடும். எத்தனை சுற்று வெள்ளை டேப் சுற்றினாலும் மெல்லக் கசியும். ஒரு இஞ்சுக்குப் போனால் இந்தக் குழப்பம் இல்லை. அங்கே பிரிட்டிஷ் மரை 11, அமெரிக்க மரை பதினொன்றரை, தொடக்கத்திலேயே சிக்கிக்கொள்ளும்.

ஆண் மரையும் பெண் மரையும் சேர்ந்த அந்த 92ஆம் எண் எல்போவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் கடைகளில் ‘எம் அண்ட் எஃப் எல்போ’ என்று கேட்டால் தருவார்கள். அமெரிக்காவில் அதற்கு ‘ஸ்ட்ரீட் எல்போ’ என்று பெயர். சாதாரண எல்போவுக்கு இரண்டு வாயும் பெண். அதை ஒரு வால்வுக்குள் திருக வேண்டுமென்றால் நடுவே ஆண் மரையோடு ஒரு நிப்பிள் தேவை. நிப்பிள் போட்டால் ஒரு மூட்டு இரண்டாகிறது, நீளமும் கூடுகிறது. சிங்க்கின் அடியில், சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே நான்கு விரல் இடம்தான் இருக்கிறது என்றால் எம் அண்ட் எஃப் இல்லாமல் வேலை நடக்காது. குழாய் வேலையில் கசிவது எப்போதும் மூட்டு. ஒரு மூட்டைக் குறைப்பவர் ஒரு கசிவைக் குறைக்கிறார். பதிலுக்கு ஒன்றைக் கொடுக்க வேண்டியிருக்கிறது: ஆண் முனை இன்னொன்றின் உள்ளே போக வேண்டும் என்பதால் அதன் ஓட்டை சற்றுக் குறுகல்.

கடைக்காரர் பித்தளை வைத்ததை எடுக்கச் சொன்னாரே, அது விற்பனைப் பேச்சு அல்ல. குழாயின் ஆண் மரை நுனியில் ஒல்லியாகவும் அடியில் பருமனாகவும் இருக்கும். 16 பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு சரிவு. உள்ளே திருகத் திருக அது ஆப்பு இறங்குவதுபோல் இறங்கும். வெளியே இருக்கும் பெண் வாய் விரிந்துகொடுக்க வேண்டும். பித்தளையும் இரும்பும் அந்த இழுவிசையைத் தாங்கும். பி.வி.சி. உடனே உடையாது, தாங்கிக்கொண்டு நிற்கும், அங்கேதான் ஆபத்து. பல மாதம் இழுபட்ட நிலையிலேயே இருந்து, ஒருநாள் இரவு எல்போவின் கழுத்தில் நீளவாக்கில் ஒரு விரிசல் விடும். சுவருக்குள் புதைத்த எல்போ என்றால் பக்கத்து அறையில் பெயின்ட் உப்பிய பிறகுதான் தெரியும். பித்தளை மரையை உள்ளே வைத்து வார்த்த எல்போவில் அந்த விரிப்பைப் பித்தளையே வாங்கிக்கொள்கிறது. இரும்பு ஆணும் பிளாஸ்டிக் பெண்ணும் சேரும் மூட்டை முடிந்தவரை தவிர்ப்பதும், பிளாஸ்டிக் ஆணை உலோகப் பெண்ணுக்குள் விடுவதும் அனுபவமுள்ள பிளம்பர்கள் சொல்லாமலே செய்வது.

பசை என்று நாம் சொல்வதும் உண்மையில் பசை அல்ல. அது பி.வி.சி.யைக் கரைக்கும் திரவம். குழாயின் வெளிப்பரப்பும் எல்போவின் உள்பரப்பும் கரைந்து ஒன்றோடொன்று கலந்து, திரவம் ஆவியானதும் ஒரே துண்டாகிவிடுகின்றன. அதனால்தான் செருகியவுடன் கால் சுற்று திருப்பிவிட்டுச் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதனால்தான் ஈரத்தோடு ஒட்டினால் நிற்காது. அதனால்தான் தப்பான திசையில் ஒட்டிய எல்போவைக் கழற்ற முடியாது, அறுத்துத்தான் எறிய வேண்டும். ஒட்டுவதற்கு அளவும் பொருந்த வேண்டும். இந்தியாவில் ஐ.எஸ். 4985 தரத்துக் குழாய்களை வெளி விட்டத்தால் 20, 25, 32 மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். 20 மில்லிமீட்டர் எல்போவை ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தால் 21 மில்லிமீட்டரைத் தாண்டிய கிள்ளான் குழாய் அதற்குள் நுழையவே நுழையாது.

இத்தனை பெயரும் இத்தனை மரையும் ஏன் என்றால், தண்ணீரைத் திருப்புவது லேசான காரியம் இல்லை. நேராகப் போகும் தண்ணீருக்கு எல்போவின் மூலை ஒரு சுவர். வெளிப்பக்கத் தண்ணீர் அந்தச் சுவரில் மோதித் திரும்புகிறது. உள்பக்கத் தண்ணீரால் அவ்வளவு கூர்மையாக வளைய முடிவதில்லை. மூலையை விட்டுப் பிரிந்து கொஞ்ச தூரம் போய், பிறகுதான் சுவரைச் சேர்கிறது. நடுவே விட்ட இடத்தில் தண்ணீர் சுழன்றுகொண்டே நிற்கிறது. தெருவோர வடிகாலான லொங்காங் செங்கோணத்தில் திரும்பும் இடத்தில், உள்மூலையைத் தாண்டியதும் காய்ந்த இலையும் பாலிதீன் பையும் வட்டமடிப்பதை மழைக்குப் பின் யாரும் பார்க்கலாம். அந்தச் சுழற்சிக்கான ஆற்றல் ஓட்டத்திலிருந்துதான் போகிறது.

எவ்வளவு போகிறது? மலேசிய வீடுகளில் சமையலறைக் குழாய் மட்டும் பெரும்பாலும் தெருக் குழாயிலிருந்து நேரடியாக வரும். குளியலறைக்குக் கூரைக்கடியில் இருக்கும் தொட்டித் தண்ணீர். இரட்டை மாடி டெரஸ் வீட்டில் மேல்மாடி ஷவருக்கு மேலே தொட்டி இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு மீட்டர்தான் நம் கையிருப்பு. அழுத்தக் கணக்கில் சுமார் 0.2 பார். ஷவரில் நிமிடத்துக்கு 12 லிட்டர் வந்தால், 16 மில்லிமீட்டர் ஓட்டையில் தண்ணீரின் வேகம் விநாடிக்கு ஒரு மீட்டர். இந்த வேகத்தில் மரை வைத்த சாதாரண எல்போ ஒன்று சுமார் நாலரை சென்டிமீட்டர் உயரத்தை விழுங்கும். அரை மீட்டர் நேர்க்குழாய் விழுங்கும் அளவு அது. தொட்டியிலிருந்து ஷவர் வரை ஆறு எல்போ என்றால் 27 சென்டிமீட்டர். போனால் போகிறது என்று விடலாம்.

இப்போது கீழே யாரோ இன்னொரு குழாயைத் திறக்கிறார். தொட்டியிலிருந்து இறங்கும் பொதுக் குழாயில் அதே 12 லிட்டர் கூடுதலாக ஓட வேண்டும், வேகம் இரண்டு மடங்கு. எல்போவின் இழப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதால் நாலரை சென்டிமீட்டர் 18 ஆகிறது. அந்த ஆறு எல்போவும் பொதுக் குழாயில் இருந்தால் இரண்டு மீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல் அவற்றுக்கே போய்விடும்; நேர்க்குழாயின் உராய்வு தனிக் கணக்கு. நடைமுறையில் அவ்வளவு ஓட்டம் வராது. கணக்குச் சரியாகும் வரை ஓட்டம் தானே குறையும். தலையில் ஷாம்பூவோடு நிற்பவர், “யாரு கீழ பைப்பத் தொறந்தது?” என்று கத்துவது அப்போதுதான்.

இந்த இடத்தில் எல்போவுக்காக வாதாட வேண்டியிருக்கிறது. தண்ணீர் சரியாக வரவில்லை என்றவுடன் ‘வளைவு அதிகம்’ என்று அதன்மேல் பழி போடுகிறார்கள். ஆறு எல்போவில் இரண்டைக் குறைத்து, சுவரை உடைத்துக் குழாய்ப் பாதையை மாற்றினால் மிஞ்சுவது கொஞ்சம்தான். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயை அரையிலிருந்து முக்கால் இஞ்சுக்கு மாற்றினால், அதே ஓட்டத்துக்கு வேகம் ஏறத்தாழப் பாதியாகி, எல்போ ஒவ்வொன்றின் இழப்பும் மூன்றில் ஒரு பங்கை விடக் குறைந்துவிடும். குற்றவாளி பெரும்பாலும் வளைவு இல்லை, சிக்கனமாக வாங்கிய அரை இஞ்ச் பைப்பு. அல்லது ஜி.ஐ. குழாயின் உள்ளே இத்தனை ஆண்டுகளாக வளர்ந்த துரு. பழைய வீடுகளில் கழற்றிய ஜி.ஐ. எல்போவைக் கண்ணருகே வைத்துப் பார்த்தால் 16 மில்லிமீட்டர் ஓட்டையில் பழுப்பும் கறுப்புமாகக் கொப்புளங்கள் அடைத்து, ஒரு பென்சில் நுழையும் வழி மட்டும் மிஞ்சியிருக்கும்.

கூர்மையான திருப்பத்துக்குப் பதில் நிதானமான திருப்பம் கொடுத்தால் இழப்பு குறையும். அதற்குத்தான் பெண்டு. ஆலைகளில் பற்றவைக்கும் எஃகு எல்போக்களில் ‘ஷார்ட்’ என்றால் வளைவின் ஆரம் குழாய் அளவுக்குச் சமம், ‘லாங்’ என்றால் ஒன்றரை மடங்கு. ஆரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் நன்மையும் கூடிக்கொண்டே போகும் என்று நினைக்க வேண்டாம். குழாய் நீளமும் கூடுவதால் ஓர் அளவுக்குப் பிறகு உராய்வு லாபத்தைத் தின்றுவிடும்.

எவ்வளவு அழகாக வளைத்தாலும் ஒன்றைத் தவிர்க்க முடியாது. வளைவில் ஓட்டத்தின் நடுவே வேகமாகப் போகும் தண்ணீர் வெளிப்பக்கம் ஒதுங்குகிறது. சுவரை ஒட்டி மெதுவாகப் போகும் தண்ணீர் சுவர் வழியாகவே உள்பக்கம் திரும்பி வருகிறது. விளைவு, குழாய்க்குள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுழலும் இரண்டு சுருள்கள். டபிள்யூ. ஆர். டீன் என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் 1927, 1928 ஆண்டுகளில் இதைக் கணக்கில் வடித்தார். இன்றும் அவை டீன் சுழல்கள். எல்போவைத் தாண்டிப் பல விட்ட தூரம் வரை இந்தச் சுழற்சி அடங்காது. தண்ணீர் மீட்டருக்கு முன்னால் ஒரு துண்டு குழாயாவது நேராக இருக்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

டீனுக்குச் சற்று முன்பே, 1926இல், ஐன்ஸ்டைன் ஆறுகள் ஏன் நெளிந்து ஓடுகின்றன என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். கோப்பையில் தேநீரைக் கலக்கினால் தேயிலைத் துகள்கள் ஓரத்துக்கு ஒதுங்காமல் அடியில் நடுவே வந்து குவிகின்றனவே, அதே சுழற்சிதான் ஆற்றின் வளைவிலும் என்றார். அடித்தளத்தில் தண்ணீர் உள்பக்கமாக நகர்ந்து மணலைச் சேர்க்கிறது. மேலே வெளிப்பக்கமாகப் போய்க் கரையை அரிக்கிறது. அதே 1926இல் கோலாலம்பூர் பெருவெள்ளத்தில் மூழ்கியது. அதன் பிறகு கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் இடத்துக்குக் கீழே கிள்ளான் ஆற்றின் ஒரு பகுதியை நேராக வெட்டிக் கரை கட்டினார்கள். 1932இல் அந்த வேலை முடிந்தது. வெள்ளத்தை வேகமாகக் கடத்த, ஓர் ஆற்றுக்கே எல்போவைக் கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட்ட கதை அது.

இதுவரை சொன்னது ஓடும் தண்ணீர். எல்போவைப் பிடுங்கி எறியப் பார்ப்பது உண்மையில் ஓடாத தண்ணீர்தான். நேர்க்குழாயில் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளுவதால் எதுவும் நகராது. வளைவில் அந்தச் சமநிலை கிடையாது. இரண்டு வாய்களிலும் அழுத்தம் உள்ளே தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து எல்போவை மூலைவிட்டமாக வெளியே உந்துகின்றன. வீட்டு அரை இஞ்ச் எல்போவில் மூன்று பார் அழுத்தம் இருந்தால் இந்த உந்தல் ஒன்பது கிலோ எடைக்குக் கொஞ்சம் குறைவு. ஒட்டிய மூட்டு சாதாரணமாகத் தாங்கும்.

தெருவுக்கடியில் போகும் பெருங்குழாய்களில் அதே கணக்கு மிரட்டும். சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா மூன்றுக்கும் தண்ணீர் தருவது ஆயர் சிலாங்கூர். 1958இல் கட்டி முடித்த கிள்ளான் கேட்ஸ் அணை போன்றவை நகருக்குப் போதாமல் போய், பகாங்கிலிருந்து மலைத்தொடரைக் குடைந்து 44.6 கிலோமீட்டர் சுரங்கம் வழியாக உலு லங்காட்டுக்குத் தண்ணீர் கொண்டுவரும் அளவுக்குத் தேவை வளர்ந்துவிட்டது. இப்படிப்பட்ட வலையமைப்பில் ஒரு மீட்டர் விட்டமுள்ள குழாய் ஓர் இடத்தில் செங்கோணத்தில் திரும்புகிறது, உள்ளே ஆறு பார் அழுத்தம் என்று கொள்வோம். அந்த வளைவை வெளியே தள்ளும் விசை சுமார் 68 டன். வால்வை மூடித் தண்ணீர் அசையாமல் நின்றாலும் இதே 68 டன். விநாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓடவிட்டால் வேகத்தால் கூடுவது கால் டன் மட்டுமே.

அதனால் சாலை தோண்டும்போது வளைவின் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய கான்கிரீட் பாளத்தைப் பார்க்கலாம். குழாய்க்கு அது சாய்வு நாற்காலி இல்லை. 68 டன்னை வாங்கிப் பக்கத்து மண்ணுக்குப் பரப்பிவிடும் வேலை அதற்கு. கிள்ளான் பக்கம் கடலோரக் களிமண், பூ மாதிரி மிருது. அங்கே பாளம் இன்னும் அகலமாக இருந்தால்தான் மண் இடம் கொடுக்காது. 45 பாகை வளைவாக இருந்தால் உந்தல் ஏறத்தாழப் பாதி. ஒரு 90க்குப் பதில் இரண்டு 45ஐத் தள்ளித் தள்ளிப் போடுவதில் ஓட்டத்துக்கும் லாபம், மண்ணுக்கும் லாபம். உருக்கி ஒட்டும் கறுப்பு பாலிஎதிலீன் குழாய்களில் மூட்டே இழுவிசையைத் தாங்குவதால் பெரும்பாலும் இந்தப் பாளம் வேண்டியதில்லை. வேறொரு வேலைக்குக் குழி தோண்டுகிறவர்கள் ஒரு வளைவின் முதுகு மண்ணைத் தெரியாமல் அள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

2020 செப்டம்பர் 3ஆம் தேதி ரவாங் அருகே சுங்கை கோங்கில் கலந்த மாசால் சிலாங்கூர் ஆற்றுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றபோது, கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 12 லட்சம் இணைப்புகள் வறண்டன. வாளியோடு லாரிக்குக் காத்திருந்த நாட்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். தண்ணீர் திரும்பி வந்தபோது பல வீடுகளில் குழாய்கள் இருமியதும், சுவருக்குள் ‘டம் டம்’ என்று யாரோ தட்டியதும் கூட நினைவிருக்கலாம். காலிக் குழாயில் நிறைந்திருந்த காற்று மேட்டு வளைவுகளில் சிக்கிக்கொள்கிறது. பின்னால் வரும் தண்ணீர் அதை அழுத்துகிறது, காற்று விடுபட்டதும் தண்ணீர் பாய்கிறது, அடுத்த தடையில் சட்டென்று நிற்கிறது.

ஓடும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை ரஷ்யாவின் நிக்கோலாய் ஜுகோவ்ஸ்கி மாஸ்கோ நகரக் குழாய்களில் சோதித்து 1898இல் எழுதினார். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தை ஒரே கணத்தில் நிறுத்தினால் இரும்புக் குழாயில் அழுத்தம் 13 பார் அளவுக்கு எகிறும். பி.வி.சி. சற்று நெகிழ்வதால் நான்கு பார் அளவோடு நிற்கும். குழாய்க்குள் மிக வேகமாக ஓடும் இந்த அழுத்த அலை எல்போவுக்கு வரும்போது, ஒன்பது கிலோவாக இருந்த உந்தல் கணநேரத்தில் பல மடங்காகிறது. கிளிப் போடாத குழாய் என்றால் எல்போ சுவரைக் குத்துகிறது. தட்டுவது அதுதான். சலவை இயந்திரத்தின் வால்வு பட்டென்று மூடும்போது வரும் சத்தமும் அதே வகை. எல்போவுக்கு இரு புறமும், ஒரு சாண் தூரத்துக்குள், கிளிப் அடிப்பதற்கு ஆகும் செலவு ஒரு ரிங்கிட்டோ இரண்டோ.

கழிவுக் குழாய்க்கு வந்தால் நியாயம் தலைகீழ். அங்கே அழுத்தம் கிடையாது, தண்ணீர் தன் எடையால் சரிவில் ஓட வேண்டும், கூடவே திடப்பொருளையும் இழுத்துப்போக வேண்டும். கூர்மையான எல்போவில் தண்ணீர் முந்திப் போய்விடும், மற்றது தங்கிவிடும். தரைக்கடியில் திரும்பும் இடத்தில் அகன்ற பெண்டு, முடிந்தால் மூடி வைத்துத் திறக்கக்கூடிய பெண்டு. அடைத்தால் கம்பி விட அந்த மூடிதான் வழி. இரண்டு ரிங்கிட் மிச்சம் பிடிக்கப் பச்சைத் தண்ணீர்க் குழாய்க்கான எல்போவைக் கழிவுக் குழாயில் போடும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை மறுபடி கூப்பிடாதீர்கள்.

கழிவுக் குழாயில் இன்னொரு வளைவு தண்ணீரைத் திருப்புவதற்காக வைத்ததே அல்ல, நிறுத்தி வைப்பதற்காக. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி கழிப்பறைக்கு ‘எஸ்’ வடிவ வளைவு வைத்துக் காப்புரிமை வாங்கினார். வளைவில் எப்போதும் தேங்கி நிற்கும் தண்ணீர், சாக்கடைக் காற்று வீட்டுக்குள் வராமல் அடைக்கிறது. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கழிப்பறைக் கோப்பை வாங்கப் போனால் முதல் கேள்வியே “எஸ் டிராப்பா, பி டிராப்பா?” என்பதுதான். தரைக்குள் இறங்கினால் எஸ், சுவருக்குள் போனால் பி. எஸ் வடிவத்தில் வேகமாக இறங்கும் தண்ணீர் சில வேளை தேங்கி நிற்பதையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடும் என்பதால் பேசினுக்கு அடியில் பி டிராப்பைத்தான் பிளம்பர்கள் விரும்புவார்கள்.

அந்த ஒரு குவளைத் தண்ணீர் வற்றினால் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதை ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடியில் 2003இல் பார்த்தார்கள். சார்ஸ் நோய் அங்கே 300க்கும் மேற்பட்டோரைத் தொற்றியது. குளியலறைத் தரை வடிகால்களின் வளைவுகளில் தண்ணீர் காய்ந்திருந்ததும், அவற்றின் வழியாகக் கழிவுக் குழாய்க் காற்று வீடுகளுக்குள் இழுக்கப்பட்டதும் முக்கியக் காரணங்களாக விசாரணையில் சொல்லப்பட்டன. அடுக்கிக் கட்டிய நம் கொண்டோக்களிலும் அதே ஃப்ளோர் டிராப்தான், தேங்கும் தண்ணீரின் ஆழம் வழக்கமாக இரண்டு அங்குலம் அளவு. யாரும் குளிக்காத விருந்தினர் அறைக் குளியலறையில் இந்த வெயிலுக்குச் சில வாரங்களில் அது காய்ந்துவிடும், முதலில் லேசாக நாற்றம் வரும், பிறகு கரப்பான் வரும். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்கள் புறப்படும் முன் அதில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெயும் விட்டால் போதும். எண்ணெய் மிதந்து மூடிக்கொள்வதால் அடியில் இருக்கும் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது.